"பெரியப்பா, நிழல் தப்பா விழுதா?"

(தலைப்பு: 'பள்ளியிலே அறிவியலை வளர்ப்பது பாடப் புத்தகமே! செய்து பார்க்கும் முறையே!' காரைக்கால் மேடையில், 'செய்து பார்க்கும் முறையே' என்ற அணிக்காகப் பேசியது.)

எதிரே அமர்ந்து என்னை எப்போது மடக்கலாம் என்று பென்சிலைச் சீவிக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!

நான் தமிழ் வாத்தியார். அழைப்பிதழிலே பேருக்கு முன்னாலே 'டாக்டர்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, மேடைக்கு வருகிற வழியிலே ஒரு அம்மா கையை நீட்டி, "ரெண்டு நாளா காய்ச்சல் விட்டு விட்டு வருதுங்க" என்றார்கள். (சிரிப்பு) "நான் அந்த டாக்டர் இல்லீங்கம்மா" என்றேன். "பின்னே எதுக்கு டாக்டர்?" என்று கேட்டார்கள். முப்பது வருஷமாக எனக்கும் பதில் தெரியாத கேள்வி அது. (பலத்த சிரிப்பு)

இந்த ஊரிலே அறிவியலைப் பற்றிப் பேச வந்தால் எங்கே தொடங்குவது? எனக்குத் தெரிந்த இடத்திலே தொடங்குகிறேன். காரைக்கால் அம்மையார் கதையிலே தொடங்குகிறேன். எதிரணி நண்பர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பரமதத்தன் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மாங்கனி கொடுத்து அனுப்புகிறான். புனிதவதியார் ஒரு கனியைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்து விடுகிறார். கணவன் வந்து சாப்பிட உட்காருகிறான். ஒரு பழம் தின்கிறான். "இன்னொன்றையும் கொண்டு வா" என்கிறான். அம்மையார் இறைவனை வேண்ட, ஒரு கனி வருகிறது. அதைத் தின்கிறான். தின்றவன் சும்மா இருந்தானா? "இது முதல் பழம் மாதிரி இல்லையே, சுவை வேறாக இருக்கிறதே, ஏது?" என்று கேட்டான். பக்திக் கதையிலே பக்தியைத்தான் எல்லோரும் பார்ப்போம். நான் அந்தக் கேள்வியைப் பார்க்கிறேன். கேள்வி எங்கே பிறந்தது? ஏட்டிலே பிறக்கவில்லை. நாக்கிலே பிறந்தது! (கைதட்டல்) மனைவி உண்மையைச் சொன்னார். அவன் உடனே நம்பினானா? "அப்படியானால் இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு" என்றான். நடுவர் அவர்களே, உலகத்திலே எந்த விஞ்ஞானியும் இதைத்தான் கேட்பான். ஒரு தடவை நடந்தது என்கிறாய், மறுபடி நடத்திக் காட்டு! மறுபடியும் கனி வந்தது, அவன் கையிலே கொடுத்ததும் மறைந்தது. அதற்கப்புறம் பயந்து கப்பல் ஏறி ஓடினானே, அதை நான் ஆதரிக்கவில்லை. சோதனை முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்றால் ஊரை விட்டு ஓடக் கூடாது. (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தலைவர் நல்ல நல்ல வாதங்களை வைத்தார். நியூட்டன் கண்டதை ஒவ்வொரு பிள்ளையும் புதிதாகக் கண்டு கொண்டிருந்தால் எப்போது பத்தாம் வகுப்பு தாண்டுவது என்றார். நாற்பத்தைந்து நிமிஷ பீரியட், ஐம்பது பிள்ளைகள், போர்ஷன் முடிக்க வேண்டும் என்றார். சாமான்களுக்குக் காசு எங்கே என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள். நான் புத்தகத்துக்கு விரோதி இல்லை ஐயா. புத்தகத்தை வைத்துத்தான் என் வீட்டிலே உலை கொதிக்கிறது. ஆனால் புத்தகம் மட்டும் போதும் என்கிற வகுப்பறை ஒரு குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதை என் வீட்டிலேயே நான் பார்த்தேன். அதிலே குற்றவாளி நானும்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் தம்பி குடும்பம் இந்தக் காரைக்காலிலே இருக்கிறது. தம்பிக்கு ஒரே மகள். அப்போது எட்டாம் வகுப்பு. கோடை விடுமுறையிலே வீட்டுப் பெண் பிள்ளைக்கு என்ன உத்தியோகம்? மொட்டை மாடியிலே வடாம் காவல். காக்காய் ஓட்ட வேண்டும். உச்சி வெயிலிலே உட்கார நிழல் ஏது? தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு சாண் நிழல். அந்த ஒரு சாணுக்குள்ளே உடம்பைச் சுருக்கிக் கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'பொங்கல் லீவிலே பட்டம் விட வந்தபோது தொட்டிக்கு அந்தப் பக்கம்தானே நிழல் இருந்தது? இப்போ ஏன் இந்தப் பக்கம் இருக்கு?'

காரைக்கால் பிள்ளைக்குத் திசை சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் கிழக்கு. கிழக்கே பார்த்து நின்றால் வலது கை தெற்கு, திருமலைராயன்பட்டினம். இடது கை வடக்கு, கோட்டுச்சேரி. தை மாதத்து நடுப்பகலிலே நிழல் கோட்டுச்சேரிப் பக்கம் விழுந்தது. வைகாசியிலே திருமலைராயன்பட்டினம் பக்கம் விழுகிறது!

அவள் என்ன செய்தாள் தெரியுமா? மாடியிலே துணி காயப் போடுவதற்கு நட்டு வைத்த இரும்புக் குழாய் ஒன்று, சுமார் இரண்டு மீட்டர் உயரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம், நிழல் எவ்வளவு குறுக முடியுமோ அவ்வளவு குறுகுகிற நேரம் வரைக்கும் காத்திருந்து, நிழலின் நுனியிலே ஒரு புள்ளி வைத்தாள். சாக்பீஸால் வைத்தால் மழையிலே போய்விடும். அதனாலே அம்மாவுடைய நகப்பூச்சை எடுத்து வைத்தாள். (சிரிப்பு) வெயிலுக்கும் போகாது, மழைக்கும் போகாது. தம்பி மனைவி அந்த நகப்பூச்சு பாட்டிலைத் தேடினது தனிக் கதை. பக்கத்திலே ஒரு நோட்டு. தேதி, நேரம், எத்தனை விரற்கடை. ஆனி மாதம், ஊரெல்லாம் மாங்கனித் திருவிழாவிலே மாம்பழம் பிடிக்கப் போயிருந்த சமயத்திலே நிழல் தெற்கே ரொம்ப நீளம். ஆடியிலே குறைந்து கொண்டே வந்தது. ஆவணியிலே காணாமலே போனது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பைசா செலவில்லை, நகப்பூச்சைத் தவிர.

காலாண்டுத் தேர்வு வந்தது. அறிவியலிலே கோடிட்ட இடத்தை நிரப்ப ஒரு கேள்வி. 'நண்பகலில் நம் நாட்டில் நிழல் ____ திசையில் விழும்.' எந்த நோட்ஸிலிருந்து எடுத்தார்களோ தெரியாது. எதிர்பார்த்த விடை, வடக்கு. இவள் அந்தச் சின்னக் கோட்டுக்குள்ளே நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாள்: 'எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் தெற்கு. தை மாதத்தில் வடக்கு.' சிவப்பு மையிலே பெருக்கல் குறி. சுழியம்.

ஆயுத பூஜை லீவுக்கு நான் வந்திருந்தேன். விடைத்தாளை எடுத்துக் கொண்டு என்னிடம் வந்தாள். பெரியப்பா டாக்டர் ஆயிற்றே! நான் என்ன சொன்னேன் தெரியுமா? படித்த மனுஷன் சொன்னதைக் கேளுங்கள். "புத்தகம் தப்பா சொல்லுமாடா கண்ணு? நாம வடகோளத்துல இருக்கோம். சூரியன் நமக்குத் தெற்கே. நிழல் வடக்கே." அவள் விடவில்லை. "வாங்க, காட்டுறேன்" என்று மாடிக்கு இழுத்துக் கொண்டு போனாள். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. குழாயைப் பார்த்தோம்.

நிழல் எங்கே விழுந்திருந்தது தெரியுமா? வடக்கே! ஒன்றரை அடிக்கு மேல், கோட்டுச்சேரியைப் பார்த்து, அழகாக நீட்டிப் படுத்திருந்தது.

அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நகப்பூச்சுப் புள்ளிகளெல்லாம் தெற்கே கிடக்கின்றன. நிழல் வடக்கே கிடக்கிறது. நான் வெற்றிவீரன் மாதிரி நிற்கிறேன். "காலையிலயோ சாயங்காலமோ புள்ளி வச்சிருப்பே" என்று வேறு சொன்னேன். அவள் நோட்டைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணிலே தண்ணீர் நிற்கிறது. ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியப்பா, நிழல் தப்பா விழுதா?"

(அமைதி)

நடுவர் அவர்களே, எத்தனையோ மேடை ஏறி எத்தனையோ பேர் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். எனக்குத் தூக்கம் போன கேள்வி இது. புத்தகம் தப்பா என்று அவள் கேட்கவில்லை. ஆசிரியர் தப்பா என்று கேட்கவில்லை. நிழல் தப்பா என்று கேட்கிறாள். சூரியன் தப்பா என்று கேட்கிறாள். இன்னும் ஒரு படி போனால், 'என் கண் தப்பா' என்று கேட்பாள். அப்புறம் கேட்கவே மாட்டாள். எதிரணி நண்பர்களே, இரண்டு மார்க் போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரு பிள்ளை தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு வகுப்பறையை விட்டு வெளியே வந்தால், அவளுக்கு எத்தனை பாடம் நடத்தி என்ன?

சரி, நிழல் விஷயம் என்னவாயிற்று? ஊருக்குப் போனதும் எங்கள் கல்லூரி இயற்பியல் பேராசிரியரைப் பிடித்தேன். முப்பது வருஷமாகக் கேன்டீனிலே ஒரே மேசையிலே டீ குடிக்கிறோம். அன்றைக்குத்தான் அவரிடம் முதன்முதலாகப் பாடம் கேட்டேன். அவர் ஒரு டம்ளரையும் எலுமிச்சம் பழத்தையும் வைத்துக் கொண்டு விளக்கினார். சூரியன் வருஷம் முழுக்க ஒரே பாதையிலே போவதில்லை. தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயிருந்து வடக்கே நகர ஆரம்பிக்கிறது. ஜூன் 21 வாக்கிலே கடக ரேகை வரைக்கும், அதாவது 23½ பாகை வடக்கு வரைக்கும் போய்த் திரும்புகிறது. காரைக்கால் இருப்பது ஏறத்தாழ 11 பாகையிலே. அப்படியானால் சூரியன் வடக்கே போகும்போது ஒரு தடவை, தெற்கே திரும்பும்போது ஒரு தடவை, வருஷத்திலே இரண்டு தடவை இந்த ஊரின் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவிலே, நண்பகலிலே சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கேதான் விழும்!

டில்லி இருப்பது கடக ரேகைக்கு வடக்கே. அங்கே நண்பகல் நிழல் வருஷம் பூராவும் வடக்கேதான். ஆக, கேள்வித்தாள் சொன்னது பொய் இல்லை. டில்லிக்கு மெய். எங்கள் பிள்ளை சொன்னது காரைக்காலுக்கு மெய். காரைக்காலிலே உட்கார்ந்து எழுதிய பரீட்சையிலே டில்லி நிழலுக்கு மார்க், காரைக்கால் நிழலுக்கு முட்டை! (பலத்த கைதட்டல்)

அந்த இரண்டு நாள் எது? காரைக்காலுக்கு ஏப்ரல் 18, 19 வாக்கிலே ஒன்று, சித்திரை பிறந்து ஐந்தாறு நாளிலே. ஆகஸ்ட் 24, 25 வாக்கிலே இன்னொன்று. 'நிழலில்லா நாள்' என்று சொல்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் இதையெல்லாம் பிள்ளைகளிடம் கொண்டு போகிறார்கள். 1987 முதல் 'துளிர்' என்று பிள்ளைகளுக்கான அறிவியல் இதழும் தமிழிலே வருகிறது. வீட்டிலே வாங்கிப் போடுங்கள். நான் தாமதமாகத்தான் வாங்கினேன்.

அடுத்த சித்திரைக்கு நான் லீவு போட்டுவிட்டுக் காரைக்காலுக்கு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மகள் கல்யாணத்துக்குக் கூட அவ்வளவு படபடப்பாக இருந்ததில்லை. மணி பன்னிரண்டு. நிழல் கொஞ்சம் மேற்கே இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. "பன்னெண்டுக்கு இல்ல பெரியப்பா, பொறுங்க" என்கிறாள். பன்னிரண்டு பத்துக்கு அந்த இரும்புக் குழாய் தன் நிழலைத் தானே விழுங்கிக் கொண்டது! கீழே ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். என் நிழல் என் செருப்புக்குள்ளே ஒளிந்து கொண்டது. ஏன் பன்னிரண்டு பத்து? கடிகார மணி அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், சூரியன் நம் உச்சிக்கு வர இன்னும் பத்து நிமிஷம் பிடிக்கும். அதையும் அவள்தான் சொன்னாள்.

"சரி ஐயா, புத்தகத்திலே 'கடக ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போயிற்று, இதற்கு ஏன் மேடை?" என்று எதிரணியிலே கேட்பார்கள். அதோ எழுதிக் கொண்டிருக்கிறார். சேர்க்கட்டும், நல்லதுதான். என்ன ஆகும்? அந்த வரியையும் மனப்பாடம் செய்வார்கள். சென்னைக்கு ஒரு தேதி, கன்னியாகுமரிக்கு ஒரு தேதி, எத்தனை வரி சேர்ப்பீர்கள்? குச்சி ஒன்றை நட்டால் அந்தந்த ஊர் வெயில் அந்தந்த ஊர் வரியைத் தானே எழுதி விடுகிறதே!

மனப்பாடத்தின் மகிமையை நானே அனுபவித்தவன். நான் படித்த பள்ளியிலே ஆய்வுக்கூடம் உண்டு. பூட்டும் உண்டு. உடைந்தால் யார் பணம் கட்டுவது? கோயில் கருவறையிலே தீபாராதனை காட்டுவது போல ஆசிரியர் தூரத்திலே நின்று பியூரெட்டைக் காட்டுவார். நாங்கள் கன்னத்திலே போட்டுக் கொள்ளாத குறை. (சிரிப்பு) தனி ஊசல் என்று ஒரு சோதனை. நூல் கட்டவில்லை, குண்டு தொங்கவில்லை, ஊசல் ஆடவே இல்லை. ஆனால் முப்பது பேர் ரெக்கார்டு நோட்டிலேயும் புவியீர்ப்பு முடுக்கம் 980 வந்தது! (பலத்த சிரிப்பு) அண்ணன் நோட்டைப் பார்த்துத் தம்பி எழுதினான். அந்த அண்ணன் எந்த அண்ணன் நோட்டைப் பார்த்தானோ! அப்படி எழுதினவர்கள் சிலர் இன்றைக்குப் பாலம் கட்டுகிறார்கள். நான் அந்தப் பாலத்திலே போகும்போது கொஞ்சம் வேகமாகவே போய் விடுவேன். (சிரிப்பு)

காசுக்கு வருகிறேன். 1972-ஆம் வருஷம் மத்தியப் பிரதேசத்திலே ஹோஷங்காபாத் மாவட்டம். 2022-லிருந்து நர்மதாபுரம் என்று பேர். அங்கே 16 நடுநிலைப் பள்ளிகள், கிராமத்துப் பள்ளிகள். கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்று இரண்டு தொண்டு அமைப்புகள், அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, ஆறு ஏழு எட்டாம் வகுப்புகளிலே அறிவியலைச் செய்து பார்த்தே படிக்க வைத்தார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியரோடு தரையிலே உட்கார்ந்தார்கள். நாலு நாலு பிள்ளையாகக் குழு. கைக்கெட்டின சாமான். 1978-லே மாவட்டம் முழுக்கப் பரவியது. பரீட்சை எப்படித் தெரியுமா? புத்தகத்தைத் திறந்து வைத்துக் கொண்டு எழுதலாம்! எழுத்துத் தேர்வோடு செய்து காட்டும் தேர்வும் உண்டு. போர்ஷன், பரீட்சை என்று பயமுறுத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன், பரீட்சையையே மாற்றிக் காட்டினார்கள் ஐயா!

அங்கே 'சவாலிராம்' என்று ஒருத்தர். அப்படி ஒரு ஆள் கிடையாது, கற்பனைப் பேர். நமக்குச் சவால் என்றால் போட்டிக்குக் கூப்பிடுவது. ஹிந்தியிலே சவால் என்றால் கேள்வி. பிள்ளைகள் தங்கள் சந்தேகத்தையெல்லாம் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதில் வரும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சவாலிராம் இருந்திருந்தால் இந்தப் பெரியப்பாவிடம் மாட்டியிருக்க மாட்டாள்.

1978-லே அங்கே ஒரு இளைஞர் வந்தார். அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யிலே படித்த எஞ்சினியர். லாரி செய்கிற பெரிய கம்பெனியிலே வேலை. ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு வந்தார். கிராமத்துக் கடைவீதியிலே அவர் கண்ணிலே பட்டது சைக்கிள் வால்வு டியூப். அதைச் சின்னச் சின்னதாக வெட்டினார். இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினார், மருந்தைச் சுரண்டிவிட்டுத்தான். தாய்மார்கள் பயப்பட வேண்டாம். மூன்று குச்சியிலே முக்கோணம். அழுத்திப் பார், அசையாது. நாலு குச்சியிலே சதுரம். அழுத்திப் பார், சாயும். மின்கோபுரத்திலே, இரும்புப் பாலத்திலே ஏன் முக்கோணம் முக்கோணமாக வைக்கிறார்கள் என்பதை ஒரு தீப்பெட்டி சொல்லிவிடுகிறது. அவர் அந்த வேலையைப் பிறகு விட்டே விட்டார். குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்வதே வாழ்க்கையாக ஆகிவிட்டது. 2018-லே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாற்பது பைசா சமாசாரத்துக்குக் காசில்லை என்று எந்தப் பள்ளி சொல்லும்?

எதிரணி நண்பர் கையைத் தூக்குகிறார். எனக்குத் தெரியும். "ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-லே மூடிவிட்டார்களே!" ஆமாம் ஐயா, மூடிவிட்டார்கள். மறைக்க மாட்டேன். மூடும்போது 15 மாவட்டம், ஏறத்தாழ ஆயிரம் பள்ளி, ஒரு லட்சம் பிள்ளைகள். மற்ற மாவட்டத்துப் புத்தகமே இங்கேயும் என்று அரசு முடிவு செய்தது. முப்பது வருஷம் ஓடியதை ஒரு உத்தரவிலே நிறுத்தினார்கள். அது தோற்றதற்குச் சாட்சி இல்லை. இந்த முறையிலே ஆசிரியருக்கு உழைப்பு அதிகம், அதிகாரிக்குக் கணக்குப் பார்ப்பது கஷ்டம், அவ்வளவுதான். எல்லா ஊருக்கும் ஒரே நிழல் என்றால் பேப்பர் திருத்துவது சுலபம் இல்லையா?

நம் பாட்டன்மாருக்கு இதெல்லாம் புதிதா என்ன? தமிழ் வாத்தியாரை இந்த ஒரு இடத்திலாவது பேச விடுங்கள். கடிகாரம் இல்லாத காலத்திலே நாழிகை பார்க்க ஒரு கணக்கு வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பை எடுத்துக் கொள். அதை ஓரிடத்திலே மடித்து, ஒரு பகுதி தரையிலே கிடக்க, ஒரு பகுதி நேராக நிற்க வை. நிற்கிற பகுதியின் நிழல் கிடக்கிற பகுதியின் நீளத்துக்குச் சரியாக விழுகிறதா பார். இல்லாவிட்டால் மடிப்பை நகர்த்து. சரியானதும், நிற்பது எத்தனை விரற்கடையோ, அத்தனை நாழிகை பொழுது விடிந்து ஆகியிருக்கிறது. மாலையானால் பொழுது சாய அத்தனை நாழிகை இருக்கிறது. நாழிகைக்கு 24 நிமிஷம். நாளைக்குக் காலையிலே வீட்டிலே செய்து பாருங்கள். விளக்குமாற்றுக் குச்சி போதும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கிட்டத்தட்ட வந்துவிடும். நான் சோதித்துவிட்டேன். இதைப் பாடம் நடத்தும்போது இருபது வருஷம் நான் சோதித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நடுவர் அவர்கள் மணியை எடுக்கிறார், இரண்டே நிமிஷம்.

புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒரே துண்டு நிலம் இல்லை. நாலு பகுதி. புதுச்சேரி, காரைக்கால், கேரளத்துக்குள்ளே மாஹே, ஆந்திரத்துக்குள்ளே ஏனாம். பிரெஞ்சுக்காரன் பிடித்த இடம் அப்படி. நிர்வாகத்துக்கு இது தலைவலி. ஆனால் அறிவியலுக்கு இது வரப்பிரசாதம் என்று யாராவது யோசித்தோமா? இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாலே எகிப்திலே எரட்டோஸ்தனிஸ் என்று ஒரு நூலகர். ஆமாம், புத்தகக்காரர்தான், உங்கள் கட்சி! (சிரிப்பு) தெற்கே சையீன் என்ற ஊரிலே ஒரு நாள் நண்பகலிலே நிழலே விழுவதில்லை என்று அறிந்தார். அறிந்ததோடு நின்றிருந்தால் அவர் பேர் நமக்குத் தெரியாது. அதே நாளிலே தன் ஊரான அலெக்சாந்திரியாவிலே நிழலை அளந்தார். வட்டத்திலே ஐம்பதில் ஒரு பங்கு சாய்வு. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினார். உலகத்தின் சுற்றளவு கையிலே வந்துவிட்டது!

நம் சையீன் காரைக்கால். நம் அலெக்சாந்திரியா ஏனாம். ஏப்ரல் 18-லே காரைக்கால் பள்ளியிலே ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் கிடையாது. அதே நாள் ஏனாம் பள்ளியிலே அவர்கள் நண்பகலிலே, அதே ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். சாய்வு ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவு. வடக்கு தெற்காக நடுவிலே சுமார் 645 கிலோமீட்டர். கணக்கைப் பிள்ளைகள் போடட்டும். 40,000-க்குப் பக்கத்திலே வந்து நிற்கும். ஏப்ரலிலே பரீட்சையும் லீவும் என்பீர்கள். ஆகஸ்ட் 24 பள்ளி நடக்கிற நாள்தானே? மேகம் மறைத்தால் மறுநாள் பார்க்கலாம், நிழல் ஒன்றும் பெரிதாக மாறிவிடாது. ஒரே கல்வித்துறை, ஒரே சுற்றறிக்கை, இரண்டு குச்சி. இங்கே தமிழ் பேசுகிற பிள்ளையும் அங்கே தெலுங்கு பேசுகிற பிள்ளையும் போனிலே நிழலைச் சொல்லிக் கொண்டு பூமியை அளக்கலாம் ஐயா! (நீண்ட கைதட்டல்)

எங்கள் பிள்ளைக்கு அந்த மார்க் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ரிஜிஸ்டரிலே ஏற்றி முடித்தாயிற்று. ஆனால் அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். சித்திரையிலே நிழல் மறைந்த அன்று சாயங்காலம் அவள் நோட்டை எடுத்துக் கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டாள். அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தாராம். ஒன்றும் பேசவில்லையாம். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலே, அந்த வகுப்பு மொத்தமும் பள்ளி மைதானத்திலே கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றது. அவர் நடுவிலே நின்று கொண்டு, பன்னிரண்டேகால் ஆவதற்குள்ளே ஒருத்தரும் பேசக் கூடாது என்றாராம். எங்கள் பிள்ளை அப்போது ஒன்பதாம் வகுப்பு. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக் கொண்டிருந்திருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்து, கீழே வா என்று கையைக் காட்டினாராம்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை உங்கள் கையிலே விடுகிறேன்.